ஹுவக்கஇ: ஹவாய்ப் பிள்ளைகள் போவது சுற்றுலாவா?

ஹவாய்த் தீவுகளில் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே, ஊரின் வரலாற்றையும் இயற்கையையும் தெரிந்துகொள்ள அழைத்துப்போவதை 'ஹுவக்கஇ' என்கிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளிகளிலும் இந்தச் சொல் புழங்குகிறது. தமிழில் 'கல்விச் சுற்றுலா' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது இங்கே பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது.

முதலில் உச்சரிப்பு. ஹு-அ-க-இ என்று நான்கு அசை. 'க'வை 'பக்கம்' என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கும் கடைசி 'இ'க்கும் நடுவே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். இந்த அடைப்புக்கு ஹவாய் மொழியில் 'ஓக்கினா' என்று தனி எழுத்தே உண்டு. தமிழில் அது இல்லாததால்தான் 'கை' என்று சேர்க்காமல் 'கஇ' என்று பிரித்து எழுதுகிறேன்.

அந்த அடைப்பு ஒரு பழைய எழுத்து இருந்த இடம். பசிபிக் தீவுகளில் பேசும் பாலினேசிய மொழிகள் பலவற்றில் 'க்' வரும் இடத்தில் ஹவாய் மொழியில் ஓக்கினா வரும். 'த்' வரும் இடத்தில் 'க்' வரும். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் மீன் 'இக்க', ஹவாயில் 'இஅ'. மாவோரியில் கடல் 'தை', ஹவாயில் 'கை'. இந்தக் கணக்கில் பார்த்தால் ஹுவக்கஇயின் பின்பாதியான 'கஇ', மாவோரியின் 'தக்கி'க்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் முன்னின்று அழைத்துச்செல்வது என்று பொருள். ஹவாயில் இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது: வரிசையாக நடப்பது. ஹவாயின் மரபு நடனமான ஹுலாவை ஆடுபவர்கள் அரங்குக்குள் அணிவகுத்து வரும் தொடக்க ஆட்டத்துக்கும் 'கஇ' என்றுதான் பெயர்.

அதனால் ஹுவக்கஇ என்பது பயணம், கடற்பயணம், ஊர்வலம் எல்லாவற்றையும் குறிக்கும். சும்மா ஊர் பார்த்து வருவதற்கு அவர்களிடம் 'மக்கஇக்கஇ' என்று வேறு சொல் இருக்கிறது. சுற்றுலா என்று நாம் இன்று சொல்வது அதைத்தான்.

ஓஆகு தீவின் ஹெஎயாவில் ஒரு பழைய மீன்குளம் இருக்கிறது. கரையோரக் கடலைக் கல்சுவரால் வளைத்து, 88 ஏக்கரில் கட்டியது. சுவரின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். மதகின் மரச்சட்ட இடுக்கு வழியே குஞ்சு மீன் உள்ளே வரும், கொழுத்தபின் வெளியே போக முடியாது. 1965 வெள்ளம் சுவரைப் பிளந்துவிட்டது. அந்த உடைப்பு 2015-இல்தான் அடைபட்டது. இப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகள் போனால் எல்லையிலேயே நின்றுவிடுவார்கள். 'ஓலி' என்ற ஓதுபாட்டைப் பாடி அனுமதி கேட்பார்கள். உள்ளிருந்து பதில் ஓலி வந்த பிறகுதான் காலெடுத்து வைப்பார்கள். அப்புறம் வேலை. வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிச் சுவருக்கு அனுப்புவார்கள். அயலிலிருந்து வந்து மண்டிய அலையாத்தி மரங்களைக் களைவதும் அங்கே நடக்கும் வேலைதான். நாம் பிச்சாவரத்தில் பொத்திப் பாதுகாக்கும் அலையாத்தி ஹவாயின் சொந்த மரம் அல்ல, 1902-இல் கொண்டுவந்து நட்டது. அதன் வேர் சுவரின் கற்களைப் பெயர்த்துவிடும்.

இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்க முடிவதே பெரிய விஷயம். 1896-இல் வந்த சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியதில் ஹவாய் மொழி வகுப்பறையை விட்டே போயிற்று. 1978-இல் மாநில அரசமைப்பைத் திருத்தி அதை ஆட்சிமொழியாக்கினார்கள். ஹவாய்ப் பண்பாடு, வரலாறு, மொழி ஆகியவற்றைக் கற்பிப்பதை அரசின் கடமையாகவும் எழுதினார்கள். 1987-இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய்வழிக் கல்வி தொடங்கியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'களப்பயணம்' தவறில்லை, களத்தில் இறங்கி வேலை செய்வது அதில் தெரிகிறது. ஆனால் வரிசையும் மரியாதையும் அதில் வராது. 'யாத்திரை' என்றால் புண்ணியம் தேடிப் போவதாகிவிடும். எனக்குப் பிடித்தது 'உலா'. சுற்றுலாவுக்குள்ளேயே அது இருக்கிறது, ஆனால் தனியாக நிற்கும்போது அதன் கனமே வேறு. அரசனோ இறைவனோ பரிவாரத்தோடு வீதியில் வருவது உலா. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள்மேல் பாடியது மூவருலா. ஹவாயிலும் கார்த்திகை விண்மீன்கள் மாலையில் கீழ்வானில் எழும் பருவத்தில் மக்கஹிக்கி விழா தொடங்கும். அந்தக் காலத்தில் லோனோ தெய்வத்தின் உருவை ஏந்தித் தீவை வலம்வந்து, ஒவ்வொரு நிலப்பிரிவின் எல்லையிலும் நின்று காணிக்கை வாங்குவார்கள். திருவீதி உலா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆகவே பள்ளிப் பிள்ளைகள் போவதைக் 'கல்வி உலா' என்பேன். செய்தியில் சட்டென்று புரிய வேண்டுமானால் களப்பயணம் போதும். பழைய போர்வீரர்களின் ஆவிகள் பறைகொட்டித் தீவட்டியோடு நடப்பதாகச் சொல்லும் 'ஹுவக்கஇ போ'வுக்கு மட்டும் 'இரவுலா' தவிர வேறெதுவும் சரிவராது. அதைக் களப்பயணம் என்று எழுத முடியாது.