கச்சேரி: சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது?

போன மாதம் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் ஒரு மண்டபத்தில் பாட்டு நிகழ்ச்சி. சென்னையிலிருந்து வந்த பாடகி; கூட வயலின், மிருதங்கம், கடம். முன்பாதி கர்நாடக இசை, பின்பாதி பழைய திரைப்பாடல்கள். மறுநாள் காலையிலேயே எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரல்செய்திகள் வந்து குவிந்தன. ஒருவர் ‘ஷோ சூப்பர்’ என்றார். இன்னொருவருக்கு அது ‘கான்சர்ட்’. ‘ப்ரோகிராம் நல்லாருந்திச்சு, ஆனா ஐட்டம் கம்மி’ என்றது வேறொரு குரல். பதினேழு வயது மாணவி ஒருத்தி தன் ஆயாவின் (பாட்டியின்) வாயருகே போனைப் பிடித்துப் பேச வைத்திருந்தாள். எண்பதைத் தாண்டிய அந்த ஆயா சொன்னது இவ்வளவுதான்: “கச்சேரி களை கட்டிச்சு கண்ணு. அந்தப் பொண்ணு கடைசிப் பாட்ட மெதுவா எடுத்துச்சே, அப்ப எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்திருச்சு.”

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவி கேட்டாள்: “டீச்சர், கச்சேரின்னா கான்சர்ட்டா? அது நம்ம வார்த்தையா?” அங்கே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்ததை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கச்சேரி பிறப்பால் தமிழ்ச்சொல் அன்று. இந்துஸ்தானியில் ‘கச்சஹ்ரி’ என்றால் அரசு அலுவல் நடக்கும் இடம், வழக்கு விசாரிக்கும் இடம். மராத்தியிலும் குஜராத்தியிலும் ‘கச்சேரி’ என்றே வழங்குகிறது, பொருள் அலுவலகம்தான். கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அலுவலகம், பாட்டு என்ற இரண்டு பொருளிலும் உண்டு. ‘சேரி’ என்ற தமிழ்ச்சொல் உள்ளே இருக்கிறதே, மக்கள் சேரும் இடம் என்று கொள்ளலாமா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் ‘சேரி’யை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ‘கச்’சுக்குத் தமிழில் பொருள் கிடையாது. ஜ, ஷ, ஹ எதுவும் இல்லாமல் தமிழ் ஒலிக்குள் அச்சாகப் பொருந்திவிட்டதால் யாருக்கும் ஐயம் வருவதில்லை, அவ்வளவுதான். தாசில்தார், தாலுகா, ஜில்லா, வசூல், ஜப்தி எல்லாம் எந்த வழியாக வந்தனவோ அதே ஆட்சி வழியாகத்தான் இதுவும் வந்தது.

பழைய பொருள் செத்துவிடவும் இல்லை. ‘கோர்ட்டு கச்சேரின்னு அலைய என்னால ஆகாது’ என்று தமிழ்நாட்டில் இன்றைக்கும் சொல்கிறோம். அந்தக் கச்சேரியில் யாரும் பாடுவதில்லை. மயிலாப்பூரில் கச்சேரி சாலை இருக்கிறது. சபாக்கள் நிறைந்த வட்டாரம் என்பதால் பாட்டை வைத்து வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் பழைய அலுவலகக் கச்சேரிதான். இலங்கையில் இந்தப் பொருள் இன்னும் முழு உயிரோடு இருக்கிறது. மாவட்டச் செயலகத்துக்கு அங்கே கச்சேரி என்றே பெயர். இங்கே என் பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். நிகழ்ச்சிக்குக் கிளம்பிய அன்று மாலை “கச்சேரிக்கு வரீங்களா அக்கா?” என்று வாசலில் நின்று கேட்டேன். அவர் ஒரு கணம் விழித்தார். “கச்சேரி எண்டால் எங்களுக்கு ஏதோ கடிதம் எடுக்கப் போறது மாதிரிக் கிடக்கு” என்றார். அவருக்கு அந்தச் சொல்லோடு வருவது வரிசையும் முத்திரையும் விண்ணப்பப் படிவமும்.

அலுவலகம் எப்படிப் பாட்டானது? அதிகாரமுள்ளவர் உட்காருகிறார், சுற்றிலும் ஆட்கள் கூடுகிறார்கள்; அந்தக் கூட்டத்துக்கே இடத்தின் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அரசவையில் நியாயமும் நடக்கும், பாட்டும் நடக்கும். இசையுலகில் புழங்கும் வேறு சில சொற்களும் இதே பாதையில் வந்தவை. ‘தர்பார்’ என்றால் அரசவை. அது ஒரு ராகத்துக்கே பெயராகிவிட்டது. ‘சபா’ என்றால் அவை. சென்னையில் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் டிசம்பர் மாதமும் சிற்றுண்டிச் சாலையும்தான் நினைவுக்கு வரும். இந்த மாற்றத்துக்குத் தஞ்சாவூர் பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1676 முதல் 1855 வரை அங்கே மராத்திய அரசர்கள் இருந்தார்கள். அலுவல் மொழியாக மராத்தியும் ஓடியது, அதே அரண்மனையில் இசையும் வளர்ந்தது. நம் வாயில் இருக்கும் ‘கச்சேரி’ இந்துஸ்தானி ஒலியைவிட மராத்தி ஒலிக்குத்தான் நெருக்கம். கச்சேரியின் பின்பகுதியில் வரும் சின்ன உருப்படிகளைத் ‘துக்கடா’ என்கிறோமே, அந்தச் சொல்லும் வடக்கிலிருந்து வந்ததுதான். துண்டு என்று பொருள்.

இன்று நாம் கச்சேரி என்றதும் கண்முன் வரும் வரிசை ஒன்று உண்டு: வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான ஒரு ராகம், தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய முறை இது. அதாவது சொல்லும் புதிது, வடிவமும் புதிது. பல நூற்றாண்டாக அப்படியே வருவது போலத் தோன்றினாலும், நம் கொள்ளுத்தாத்தாக்களின் காலத்தில்தான் இரண்டும் ஒன்றுசேர்ந்து உறுதிப்பட்டன.

இந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள். 1911 வரை இப்படி வந்தவர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். தமிழ் பேசியவர்களில் பலர் வட ஆர்க்காட்டுக்காரர்கள். நானும் வேலூர்ப் பக்கம் என்பதால் இங்கே வயதானவர்கள் ‘ஆயா’ என்றும் ‘நைனா’ என்றும் சொல்லும்போது சொந்த ஊரில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். கப்பல் ஏறிய அந்த ஏழை உழவர்களுக்குக் கச்சேரி என்றால் என்னவாக இருந்திருக்கும்? வரி கட்ட முடியாதவனைக் கூப்பிட்டு நிறுத்தும் இடம். அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் கூத்து, பஜனை, கும்மி, காவடி என்ற பெயர்களில் வந்தன.

அந்தப் பெயர்களுக்கு இங்கே நேர்ந்ததைப் பாருங்கள். தெருக்கூத்துக்கு இந்நாட்டில் வழங்கும் பெயர் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’. ஆறடி நடனம்! பேச்சில் கூத்து என்ற சொல் பெரும்பாலும் போய்விட்டது. பெயரைக் கேட்டு அது என்னவென்று ஊகிக்க ஒருவராலும் முடியாது. பிள்ளைகளுக்குத் தமிழ் அமைப்புகள் நடத்தும் பாட்டு, பேச்சு, ஒப்புவித்தல் போட்டிக்குப் பெயர் ‘ஐஸ்டெட்ஃபட்’. அது வேல்ஸ் நாட்டுச் சொல். உட்காருதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. திருவாசகம் பாடப் போகும் குழந்தை வேல்ஸ் மொழியில் தன் போட்டியின் பெயரைச் சொல்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. அந்தப் போட்டிகளால்தான் பல வீடுகளில் தமிழ்ப் பாட்டு இன்னும் பிழைத்திருக்கிறது.

ஆயாவிடம் கச்சேரி என்ற சொல் எப்படி வந்தது என்று கேட்டேன். 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. தூதரக உறவு திரும்பியது 1993-இல். நிறவெறி ஆட்சிக் காலம் முழுவதும் அங்கிருந்து பாடகர்கள் வந்து போவது எளிதாக இல்லை. ஆயாவின் இளமை முழுக்க அந்த இடைவெளிக்குள் கழிந்தது. அவர்கள் அப்போது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் தகரமும் பலகையும் சேர்த்துக் கட்டிய வீட்டில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு அப்பா ஆர்மோனியத்தை முற்றத்துக்குக் கொண்டுவருவார். பக்கத்து வீட்டுக்காரர் மத்தளம். இசைத்தட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாட்டைப் பிடித்து வைத்திருப்பார்கள். சொல் புரியாத இடத்தில் அவர்களாகவே ஒரு சொல்லைப் போட்டுக்கொள்வார்கள். “இன்னிக்கு நம்ம வூட்ல கச்சேரி” என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி அனுப்புவாராம். பிறகு, எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்படி அங்கிருந்து எழுப்பி சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். ஆர்மோனியம் வண்டியில் ஏறியதா இல்லையா என்பது ஆயாவுக்கு நினைவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘இசை நிகழ்ச்சி’ என்று அச்சடிக்கிறோம். பிழையில்லை; ஆனால் ‘ப்ரோகிராம்’ என்பதற்கு நேராகப் போட்ட சொல் அது, அதில் கூட்டமும் இல்லை, இடமும் இல்லை. ‘கோட்டி’ என்ற பழஞ்சொல் அவையைக் குறித்தது. திருநெல்வேலிப் பக்கம் இன்று அதைச் சொன்னால் பைத்தியம் என்று பொருள்படும், ஆகவே அது திரும்பி வராது. என் தேர்வு இசையரங்கு. குரலிசை மட்டும் என்றால் பாட்டரங்கு. கவியரங்கு, கருத்தரங்கு என்று ஏற்கெனவே பழகிய வாய்க்கு இது கடினமே இல்லை. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய காலத்தையொட்டித் தமிழிசைக்காரர்கள் இப்படிப்பட்ட சொற்களை மேடைக்குக் கொண்டுவந்து பழக்கினார்கள்.

அரங்கு என்பது வரையறுத்துக் கட்டிய இடம். ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் திட்டுக்கும் அரங்கம் என்று பெயர். திருவரங்கம் அப்படி வந்தது. வடமொழி ‘ரங்க’த்தோடு இதற்குள்ள உறவு பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆனால் தமிழில் இதன் வயது பெரிது. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று 401-ஆம் குறளில், காய் உருட்டி ஆடக் கீறிய கட்டத்துக்கு இதே சொல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறார்கள்: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒரு கோலுக்கு 24 பெருவிரல். இதைவிட எனக்குப் பிடித்தது விளக்கு வைத்த முறை. தூணின் நிழல் மேடையில் விழாமல் அப்புறம் போகும்படி விளக்கை நிறுத்தினார்கள். பார்க்க வந்தவன் கண்ணுக்கு எது மறைக்கும் என்று யோசித்துக் கட்டிய இடம் அரங்கு. அன்று சாட்ஸ்வர்த் மண்டபத்தில் எனக்குக் கிடைத்த நாற்காலி ஒலிபெருக்கி அடுக்குக்கு நேர் பின்னால். இரண்டரை மணி நேரம் வயலின்காரரின் வில் நுனியை மட்டும்தான் பார்த்தேன். அந்த வரியை நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

அழைப்பிதழில் இசையரங்கு என்று போடுங்கள். பேச்சில் கச்சேரி இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் துரத்த வேண்டியதில்லை. எனக்குக் கவலை பெயர்ச்சொல்லைப் பற்றியது அன்று, வினைச்சொல்லைப் பற்றியது. ஆயாவின் குரல்செய்தியைத் திரும்பக் கேளுங்கள். கச்சேரி இரவல் சொல். ஆனால் ‘களை கட்டிச்சு’, ‘மெதுவா எடுத்துச்சு’ இரண்டிலும் வினை அசல் தமிழ். களை என்றால் பொலிவு, முகக்களை என்கிறோமே அது. வயலில் பிடுங்கும் களை வேறு. எடுப்பது என்றால் பாட்டைத் தொடங்குவது. பல்லவிக்குத் தமிழிசையில் எடுப்பு என்றே பெயர். அனுபல்லவி தொடுப்பு, சரணம் முடிப்பு. ஆயாவுக்கு இதெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை. இளையவர்களின் செய்திகளில் எனக்குக் கிடைத்த வினைகள் இரண்டே: ‘பண்ணாங்க’, ‘இருந்திச்சு’. ரசித்திருக்கிறார்கள், ஐயமில்லை, ஒரு பெண் அழுதேன் என்றே சொன்னாள். எதைக் கேட்டு அழுதாள் என்று சொல்லத்தான் அவளிடம் சொல் இல்லை.

ஆகவே அன்றைக்கு வகுப்பில் பலகையில் வினைகளை எழுதினேன். சுருதி சேர்ப்பது. பாட்டை எடுப்பது. குரலைக் குழைப்பது, இழைப்பது. மேலே போய் நிற்பது. மிருதங்கம் வாசிப்பது, ஆம், புத்தகத்துக்கும் மிருதங்கத்துக்கும் ஒரே வினை. தாளக்காரர் மட்டும் வாசிக்கும்படி பாடகர் ஒதுங்குவது தனி விடுவது. கூட்டம் ஒட்டாமல் போனால் கச்சேரி எடுபடவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். கடத்துக்காரர் பானையைத் தொப்புளோடு சேர்த்து அணைத்துப் பிடித்ததற்கு என்ன வினை என்று ஒருவன் கேட்டான். அணைப்பதுதான் என்றேன்.

பிறகு அந்த இரவைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதச் சொன்னேன். ஆயாவின் பேத்தி பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அப்படியே தருகிறேன்: ‘தனி விட்டபோது தம்பி தூங்கிவிட்டான். கடைசிப் பாட்டை அந்த அக்கா மெதுவாக எடுத்தார், மேலே போய் நின்றார், குரல் குழைந்தது. ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு முடியும் வரை விடவில்லை.’