எதிர்காற்றில் டெய்லர் அடித்த தாழ்வான பந்து

1913-ல் இங்கிலாந்தின் ஹொய்லேக் மைதானத்தில் ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தபோது கடற்காற்று பேயாய் அடித்தது. அதில் ஜே. எச். டெய்லர் 304 ஸ்ட்ரோக்குகளில், அதாவது அடிகளில், ஆட்டத்தை முடித்து, இரண்டாவதாக வந்த டெட் ரேயை 8 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அப்போது டெய்லருக்கு 42 வயது, அது அவருடைய ஐந்தாவது ஓபன் பட்டம்.

காற்றில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். கோல்ஃப் மட்டையின் முகம் சாய்வாக இருப்பதால் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே பறக்கிறது, அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளுகிறது, பதிலுக்குக் காற்று பந்தை மேலே தூக்குகிறது. எடின்பரோ இயற்பியலாளர் பி. ஜி. டெய்ட் 1890-களிலேயே இதை விளக்கிவிட்டார். சரி, இப்போது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்துக்கு எதிரே 50 கிலோமீட்டர் வேகக் காற்று வருகிறது என்று வையுங்கள். பந்தைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 250. பந்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால் அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும், தூக்குவிசையும் கூடவே ஏறும். அதனால்தான் எதிர்காற்றில் ஓங்கி அடித்த பந்து ஜிவ்வென்று மேலே ஏறி, வேகமெல்லாம் போய், செங்குத்தாக விழுகிறது.

டெய்லர் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, மட்டையை அதிகம் சுழற்றாமல் வெட்டினாற்போல் அடிப்பார். பந்து தாழ்வாகக் கிளம்பும். தரையை ஒட்டி உராய்வினால் காற்று எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் வீசும், அந்த அடுக்கிலேயே பந்து போய்விடும். டெவன் கடற்கரையில் வெஸ்ட்வர்ட் ஹோ மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளராக (caddie) வளர்ந்தவருக்கு அட்லாண்டிக் காற்று ஒன்றும் புதிதில்லை.

இன்னொரு அழகான விஷயம் பந்தின் மேற்பரப்பு. 1894, 1895, 1900 பட்டங்களை அவர் வென்றது குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்தில். புதிதாக வழவழவென்று இருந்தபோது இந்த வகைப் பந்து சரியாகப் பறக்காது, அடிபட்டுக் கீறல் விழுந்த பிறகுதான் நன்றாகப் பறக்கும் என்று ஆட்டக்காரர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். கீறல்கள் பந்தை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தைக் கலைத்துவிடுவதால் அது பந்தின் பின்புறம்வரை ஒட்டியே போகும், பின்னால் உண்டாகும் சுழல் குறுகும், இழுவிசை குறையும். இதற்கென்றே குழிகள் வைத்த பந்துக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் லெஸ்டர் நகரத்துப் பொறியாளர் வில்லியம் டெய்லர். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.