ஊற்றிலிருந்து தொட்டி வரை: ஜப்பானிய வெந்நீர் விடுதியில் ஓர் இரவு

ஜப்பானின் பாரம்பரிய விடுதியான ரியோகானில், உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு தாள் தொங்கும். ஊற்றுவாயில் நீரின் வெப்பம், அதன் பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்), ஒரு கிலோ நீரில் சோடியம், இரும்பு, கந்தகம் எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் சோதித்து ஒட்ட வேண்டும் என்பது சட்டம். விருந்தினர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் தொட்டியில் இருப்பது எப்படிப்பட்ட தண்ணீர் என்பதற்கு அந்தச் சுவரை விட நம்பகமான சாட்சி விடுதியில் வேறில்லை.

1948இல் வந்த சட்டத்தின்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீர் 25 டிகிரி செல்சியஸ் இருந்தாலே அது ஓன்சென், அதாவது வெந்நீர் ஊற்று. அதைவிடக் குளிர்ந்திருந்தாலும், குறிப்பிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவில் இருந்தால் போதும். ஆகவே எரிமலை பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பூமிக்குள் 100 மீட்டர் இறங்கினால் சுமார் 3 டிகிரி கூடும். 1,500 மீட்டர் துளை போட்டால் டோக்கியோ நகர நடுவிலும் சூடான நீர் வரும், வருகிறது.

குளிக்க ஏற்ற சூடு 40 முதல் 42 டிகிரி. நல்ல ஊற்றுகளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, அவை அளவுக்கு மீறிக் கொதிக்கின்றன. பச்சைத் தண்ணீரைக் கலந்தால் சூடு இறங்கும், கூடவே தாதுக்களும் நீர்த்துப்போகும். குன்மா மாகாணத்தின் குசாட்சுவில் ஊர் நடுவிலேயே 50 டிகிரிக்கு மேற்பட்ட நீர் பொங்குகிறது. அதை நீண்ட மரவாய்க்கால்களில் ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். தொட்டிக்கு வந்தபிறகும் சூடு மிஞ்சினால், ஆள் உயரப் பலகைகளால் துழாவிப் புரட்டுவது அங்குள்ள பழைய முறை. யுமோமி என்பார்கள். பெப்பு என்ற வெந்நீர் ஊற்று ஊரில் மூங்கில் விளார்களை அடுக்கி, அவற்றின் மேல் கொதிநீரை வழியவிடுகிறார்கள். நீர் மெல்லிய படலமாகப் பரவிக் காற்றில் ஆறுகிறது. ஒரு துளி பச்சைத் தண்ணீர் சேர்க்காமலே, கொதிநிலையை ஒட்டிய நீர் குளிக்கும் சூட்டை நெருங்கிவிடும்.

குசாட்சுவில் வாய்க்கால் மரத்தில் இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த நீரின் பி.எச். ஏறத்தாழ 2, எலுமிச்சைச் சாற்றுக்கு இணையான புளிப்பு. இரும்பு ஆணி சில நாளில் கரைந்து மெலியும். ஆற்றில் கலக்கும் இந்த அமிலத்தை முறிக்க 1964 முதல் ஓர் ஆலை சுண்ணாம்புப்பாலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

நிறமும் ஒரு கதை சொல்லும். கந்தக ஊற்று நிலத்தை விட்டு வரும்போது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். காற்றிலிருந்து நீரில் கரையும் ஆக்சிஜன் ஹைட்ரஜன் சல்பைடைத் தாக்க, நுண்ணிய கந்தகத் துகள்கள் பிரிந்து நீரைப் பால்வெள்ளையாக்கும். அரிமா என்ற ஊற்று ஊரின் ‘தங்க நீர்’ செம்பழுப்பாவதும் இதே போலத்தான், அங்கே ஆக்சிஜனேற்றம் அடைவது இரும்பு. விளம்பரப் படங்களில் மயக்கும் நிறம், உண்மையில் நீருக்கு வயதாகிவிட்டதன் அடையாளம்.

இனி, தாளின் மிக முக்கியமான பகுதி. பச்சைத் தண்ணீர் சேர்த்தார்களா, சூடேற்றினார்களா, வடிகட்டி மறுசுழற்சி செய்கிறார்களா, கிருமிநாசினியோ குளியல் பொடியோ போட்டார்களா என்பதை 2005 முதல் வெளிப்படையாக எழுத வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, வெள்ளை நீருக்குப் பேர்போன ஓர் ஊரில் பொடி கலந்து நிறம் காட்டியது அம்பலமானது, அதன் விளைவு இது. ஊற்றுநீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வழிந்து போனால் அது ‘ககேநகாஷி’. அந்தச் சொல் தாளில் இருந்தால் ரசிகர்கள் முகம் மலரும்.

மறுசுழற்சி என்றாலே மோசடி என்று நினைப்பது தவறு. ஊற்று சிறியது, தொட்டி பெரியது என்றால் வேறு வழியில்லை. ஆபத்து லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. 20 முதல் 45 டிகிரி அதற்குச் சுகமான வீடு, நமக்கு இதமான அதே சூடு. குழாய்களிலும் வடிகட்டியிலும் படியும் வழுவழுப்பான கிருமிப் படலத்துக்குள் ஒளிந்து பெருகி, நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குள் போகும். 2002இல் மியாசாகி மாகாணத்தில் ஒரு குளியல் நிலையத்தில் 295 பேரைத் தாக்கி 7 பேர் உயிரைக் குடித்தது. மறுசுழற்சித் தொட்டியை வாரம் ஒருமுறையாவது முழுக்கக் காலி செய்து தேய்க்க வேண்டும், லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் அளவில் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். காரநீரில் இதிலும் ஒரு கண்ணி உண்டு. பி.எச். 7.5இல் குளோரினின் கிருமி கொல்லும் வடிவம் பாதி இருக்கும், 9இல் சுமார் மூன்று சதவீதம்தான். ககேநகாஷியும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. வரத்து குறைவாக இருந்து, தொட்டியைத் தேய்க்காமல் விட்டால் அங்கும் அந்தப் படலம் படியும்.

இரவு தங்கலின் வழக்கமான ஒழுங்கு இப்படி: பிற்பகல் 3 மணிக்கு மேல் நுழைவு, ஆறேழு மணிக்குச் சாப்பாடு, நாம் சாப்பிடும்போது பாய்த்தரையில் படுக்கை விரிப்பார்கள். முதல் குளியல் சாப்பாட்டுக்கு முன். சாக்கே குடித்துவிட்டு இறங்கக் கூடாது. மதுவும் சூடும் சேர்ந்து ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைச் சரிக்கும். சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாக அலசிய பிறகே தொட்டி. காலிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நீர் வார்த்துக்கொண்டால் உடல் சூட்டுக்குப் பழகும். முதல் முறை 3 முதல் 10 நிமிடம் போதும். எழும்போது மெதுவாக: நீரின் அழுத்தம் சட்டென விலகும், விரிந்த குழாய்களில் ரத்தம் காலுக்கு இறங்கும், தலை சுற்றும்.

காரநீர், சோப்பை அலசாத கை போல வழுவழுக்கும். தோலின் எண்ணெயோடு வினை புரிவதே காரணம், பிறகு தோல் வறளும் என்பதால் க்ரீம் தடவுங்கள். அமிலநீரில் குளித்தால் கடைசியில் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். கந்தக ஊற்றென்றால் வெள்ளிக் கொலுசையும் மோதிரத்தையும் அறையிலேயே கழற்றி வையுங்கள், கருத்துவிடும்.

இரண்டாவது குளியலுக்கு, படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணிநேரம் முன்புதான் சரியான நேரம். ஏறிய உடல்சூடு தோல் வழியே இறங்கும் அந்த இறக்கமே தூக்கத்தை வரவழைக்கிறது. பிறகு யுக்காட்டா என்ற பருத்தி அங்கியை உடுத்துங்கள், இடப்பக்கத் தலைப்பு மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை.

காலையில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் குளிக்கப் போங்கள், இரவெல்லாம் வியர்த்திருப்பீர்கள். பல விடுதிகளில் ஆண்கள் குளியலறையையும் பெண்கள் குளியலறையையும் இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டையும் பார்க்கட்டும் என்று. ஆகவே நேற்றுப் போன அதே கதவைத் தூக்கக் கலக்கத்தில் தள்ளாமல், வாசலில் தொங்கும் நோரென் திரை நீலமா (ஆண்கள்) சிவப்பா (பெண்கள்) என்று முதலில் பாருங்கள்.