ஸ்டால் ஸ்பீடு: நிற்பது எது, சுழல்வது எது?

ஓடும் இன்ஜின் சட்டென அணைந்துவிடுவதை ‘ஸ்டால்’ என்கிறோம். அதனால் ஆட்டோமேட்டிக் காரின் ‘ஸ்டால் ஸ்பீடு’ என்பதை இன்ஜின் அணையும் வேகம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே இன்ஜின் அணைவதே இல்லை. நிற்பது டர்பைன்.

இன்ஜினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெயில் மூழ்கிய மூன்று சக்கரங்கள் உண்டு. இன்ஜினோடு சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீசுகிறது. கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைன் அதை வாங்கிச் சுழல்கிறது. திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி இம்பெல்லருக்குச் சாதகமாக அனுப்புவது ஸ்டேட்டர். முன்னோட்டத்துக்கான ‘டி’-யில் போட்டு, பிரேக்கை விடாமல் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் டர்பைன் அசையாது. அந்த நிலையில் இன்ஜினால் எட்ட முடிகிற உச்சச் சுற்றுதான் ஸ்டால் ஸ்பீடு. பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,000 சுற்றையோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகுவதும் அப்போதுதான்.

‘ஸ்டால்’ என்பதன் பழைய ஆங்கிலப் பொருள் நிற்கும் இடம். மாட்டுத் தொழுவத்துக்கும் அதே சொல். ‘டார்க்’ லத்தீனில் முறுக்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பள்ளிப் பாடநூலில் அது ‘திருப்பு விசை’. ஆனால் தண்டைத் திருகும் விசைக்கு ‘முறுக்குவிசை’ இன்னும் நெருக்கம். கன்வெர்ட்டரை ‘முறுக்குவிசை மாற்றி’ எனலாம்.

ஸ்டால் ஸ்பீடுக்கு ‘நிறுத்த வேகம்’ என்று எழுதினால் பிரேக் நினைவு வந்துவிடும். ‘தேக்கச் சுழல்வேகம்’ என்பதே சரி. மதகடைத்த நீர்போல இன்ஜினின் திறன் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அளக்கப்படுவதும் வண்டியின் வேகமல்ல, இன்ஜினின் சுழற்சி.

தேங்கிய திறன் அத்தனையும் எண்ணெயில் வெப்பமாகிறது. ஆகவே ஸ்டால் ஸ்பீடை அளந்து கோளாறு கண்டறியும் சோதனையை 5 விநாடிக்கு மேல் நீட்டவே கூடாது. முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவைப் பாருங்கள். எண்ணெய் ஓட்டச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இடக்காலால் பிரேக்கை அழுத்துங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. ‘டி’-யில் ஒருமுறை எடுத்தபின், நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஐடிலில் ஓடவிட்டுச் சூட்டைத் தணித்து, ரிவர்ஸுக்கான ‘ஆர்’-இல் எடுங்கள். சுற்று கணக்கை மீறி ஏறினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

கிடைத்த எண்ணை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டிலும் கூடுதலென்றால் எண்ணெய் அழுத்தம் குறைவு. ‘டி’-யில் மட்டும் கூடுதலென்றால் கியர்பாக்ஸுக்குள் முன்னோட்டத்துக்கான கிளட்ச் வழுக்குகிறது. இரண்டிலும் குறைவென்றால் இன்ஜினுக்கு வலு போதவில்லை. கையேட்டு அளவைவிட 600 சுற்றுக்கும் மேல் குறைந்தால் ஸ்டேட்டரை ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் ஒருவழிக் கிளட்ச் பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அதே கிளட்ச் இறுகிக்கொண்டால் இந்தச் சோதனையில் எதுவும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் ஏறாமல் எண்ணெய் கொதிக்கும்போதுதான் தெரியும்.

பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து அழுந்தினால் பல புதிய கார்களில் கணினியே இன்ஜினை அடக்கிவிடும். அங்கே கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. மேனுவல் கியர்பாக்ஸையே தானியங்கியாக இயக்கும் ஏஎம்டி கார்களில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. அவற்றில் இப்படி மிதித்தால் தேய்வது கிளட்ச் தட்டு.