ரப்பர் சறுக்காது, முறுகும்: மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முன் சஸ்பென்ஷனை வீட்டிலேயே புதுப்பிப்பது

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றின் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ் ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட்டின் நட்டையும் எடுத்துவிடுங்கள். இப்போது போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டுக் கொஞ்சம் திருப்பினால் அது திரும்பும். ஆனால் கையை விட்டதும் ஸ்பேனர் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். போல்ட் கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். துருப்பிடித்த போல்ட், ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு, குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பரை முறுக்கியிருக்கிறது. ரப்பர் திருப்பித் தள்ளியிருக்கிறது. இந்த வேலையின் சங்கடம், சூட்சுமம் இரண்டுமே அந்தத் திருப்பித் தள்ளலில்தான் இருக்கின்றன.

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவான எடை கொண்ட இரண்டு இருக்கை கார். நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். இரண்டுக்கும் நடுவே சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். ஆர்ம்களின் வெளிமுனையில் பால் ஜாயின்ட் (எப்பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு), உள்முனையில் ரப்பர் புஷ் இரண்டிரண்டு. ஆக முன்பக்கத்தில் மட்டும் ஆர்ம் புஷ் எட்டு. இவை போக டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), ஷாக் அப்சார்பரின் கீழ்க்கண் புஷ், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரின் லிங்க்குகளும் ரப்பர்களும்.

புஷ் என்றதும் பலர் பேரிங்கைப் போல உள்ளே ஏதோ சுழல்கிறது என்று நினைக்கிறார்கள். எதுவும் சுழல்வதில்லை. நடுவில் இரும்புக் குழாய்; அதைச் சுற்றி வெப்பத்தாலும் பசையாலும் பிணைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கும்போது உள்குழாயின் இரு முனைகளும் பிராக்கெட்டின் காதுகளுக்கு நடுவே நெரிபட்டு அசையாமல் நின்றுவிடும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் ஆடுவது முழுக்க ரப்பரின் முறுக்கத்தால்தான். தேய்மானம் இல்லை, கிரீஸ் வேண்டாம், சாலையின் அதிர்வையும் கொஞ்சம் விழுங்கும். மலிவான பொருளிலிருந்து இவ்வளவு வேலை வாங்கியிருப்பது அழகான பொறியியல்தான். ஆனால் வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகி, விளிம்பில் விரிசல் விட்டு, குழாயிலிருந்து பிரியும். அப்போது பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். பள்ளத்தில் இறங்கினால் 'டக்' என்று கேட்கும்.

எது போயிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். இன்னொருவரை பிரேக் பெடலை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டினால், ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட். ஒரு நுணுக்கம்: இந்தக் காரில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருப்பதால், காரின் எடையைச் சுமப்பது கீழ் பால் ஜாயின்ட்தான். அதைச் சோதிக்க ஜாக்கை கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். அப்போதுதான் ஜாயின்ட் மேலுள்ள சுமை நீங்கி, உண்மையான ஆட்டம் கைக்குத் தெரியும்.

காரைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சமதரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்த எண்தான் கைகொடுக்கும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

பிரேக் டிஸ்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும். ஆன்ட்டி ரோல் பாரின் லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டால்தான் ஆர்ம் தடையில்லாமல் இறங்கும். ஷாக்கின் மேலே, எஞ்சின் பகுதியில், ஓரத்தில் இரண்டு நட்டுகள் தெரியும், அவற்றைக் கழற்றலாம். நடுவிலுள்ள நட்டைத் தொடவே கூடாது. அழுத்திப் பிடித்த ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்தான். ஸ்பிரிங் கம்ப்ரசர் மாட்டாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் முகத்துக்கே வரும்.

பால் ஜாயின்ட்டின் தண்டு கூம்பு வடிவம். நக்கிளிலும் அதே கூம்பில் ஒரு துளை. நட் இழுத்த இழுப்பில் இரண்டும் உராய்வால் கவ்விக்கொண்டிருக்கும். நட்டை எடுத்த பிறகும் விடாது. இரண்டு முனைக் கவட்டைக் கம்பியைச் செருகி அடித்தால் விடும், ஆனால் ரப்பர் உறை கிழிந்துவிடும். ஜாயின்ட்டைத் தூக்கிப்போடப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. இல்லையென்றால் நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டை இரண்டு மூன்று சுற்று மரையில் விட்டுவிட்டு, தண்டு நுழைந்திருக்கும் நக்கிளின் கண்ணை ஒரு கனமான சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி அடியுங்கள். ஒவ்வொரு அடியிலும் அந்தத் துளை ஒரு கணம் முட்டை வடிவமாகி மீளும். அந்தக் கணத்தில் கூம்பு நழுவும். தண்டின் நுனியில் அடிப்பது வீண்: மரை நசுங்கும், கூம்பு அசையாது.

கீழ் பால் ஜாயின்ட் ஆர்மில் போல்ட் போட்டு மாட்டியது. தனியாக வாங்கி மாற்றலாம். மேல் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தது, போய்விட்டால் ஆர்மையே மாற்றுவதுதான் நேர்வழி. மேல் ஆர்மின் இரண்டு புஷ்களையும் ஒரே நீள போல்ட் கோத்திருக்கும்.

கீழ் ஆர்மில்தான் உண்மையான மல்லுக்கட்டு. அங்கே பக்கத்துக்கு இரண்டு கேம் போல்ட்: தலையோடு மையம் விலகிய வட்டத் தட்டு. போல்ட்டைத் திருப்பினால் ஆர்மின் உள்முனை சற்று உள்ளேயோ வெளியேயோ நகரும். இரண்டையும் ஒரே திசையில் நகர்த்தினால் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாறும்; எதிரெதிராக நகர்த்தினால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) மாறும். தளர்த்துவதற்கு முன் தட்டின் நிலையைப் பெயின்டால் குறித்து வையுங்கள். உப்புத் தூவும் குளிர்நாட்டுச் சாலைகளில் ஓடிய கார் என்றால், முதல் பத்தியில் சொன்ன கதை இங்கேதான் நடக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவிடலாம். ஆனால் எண்ணெய் குழாயின் நடுப்பகுதி வரை போவது அபூர்வம். தீச்சுடர் காட்டினால் ரப்பர் எரிந்து நச்சுப் புகை வரும்; பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் வேறு. புதிய போல்ட்டும் தட்டும் கையில் இருந்தால், புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ரம்பத்தை விட்டு அறுத்துவிடுவது உத்தமம். புதிய போல்ட் கையில் இல்லாமல் அறுக்க ஆரம்பிக்காதீர்கள். மாட்டும்போது போல்ட்டின் தண்டில் ஆன்ட்டி சீஸ் (துருவால் ஒட்டாமல் காக்கும் பசை) பூசினால் அடுத்த முறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

பழைய புஷ்ஷை ஆர்மிலிருந்து சுத்தியலால் அடித்து எடுத்தால் தகட்டாலான கண் விரிந்துவிடும். பொருத்தமான அளவில் இரண்டு சாக்கெட், நடுவே மரையிட்ட நீளக் கம்பி, இரு முனையிலும் நட்: இறுக்க இறுக்க புஷ் தானாக நகரும். புதியதைச் சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்துங்கள். எஞ்சின் ஆயில் இயற்கை ரப்பரை ஊதவைக்கும். பாலியூரிதேன் புஷ் போடுகிறவர்கள் உண்டு. அது ரப்பரைப் போல முறுகாது, குழாயின் மேல் உண்மையிலேயே சறுக்கும். அதற்கென்றே வரும் கிரீஸ் வேண்டும், காய்ந்தால் கீச்சிடும். பந்தயத் தளத்துக்குச் சரி. தினசரி ஓட்டத்துக்கு ரப்பரே மேல் என்பது எங்கள் கட்சி.

இப்போது இறுக்குவது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்குவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. ஆர்மின் நீளம் 30 செ.மீ, சக்கரம் 8 செ.மீ கீழே தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 15 டிகிரி. அந்த நிலையில் உள்குழாயைப் பூட்டிவிட்டால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் சும்மா நிற்கும்போதே 15 டிகிரி முறுகி நிற்கும். பள்ளம் மேடு எல்லாம் அதற்கு மேல்தான். முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், ஒரு பக்கம் ஏறியும் தெரியலாம். புது ரப்பர் சீக்கிரமே குழாயிலிருந்து பிரியும்.

ஆகவே எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கமாக மட்டும் போட்டுவிட்டு, ஜாக்கை கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். முதலில் எழுதி வைத்த அளவு, ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் வரை, வந்ததும் நிறுத்தி, கையேடு சொல்லும் டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசை அளவுக்கு, இறுக்குங்கள். கார் ஸ்டாண்டிலிருந்து மேலெழும்பத் தொடங்கும் தருணமும் கிட்டத்தட்ட இதுவாகவே இருக்கும். காரணம், அப்போதுதான் அந்தச் சக்கரத்துக்குரிய எடை முழுவதும் ஆர்மில் இறங்கியிருக்கும். ஸ்டாண்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பால் ஜாயின்ட் நட்டுகளுக்கு இந்த விதி கிடையாது, தொங்கும்போதே இறுக்கலாம். ஸ்பிலிட் பின்னுக்குத் துளை நேர்படாவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னோக்கி இறுக்குங்கள், பின்னோக்கித் தளர்த்தாதீர்கள். வீல் நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் புதியதைப் போட்டிருந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் ஓரளவுதான். இரு முன் சக்கரங்களின் வெளிப்பக்கத்திலும் நேரான அலுமினியச் சட்டத்தைச் சாய்த்து, டயருக்கு முன்னும் பின்னும் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஓரிரு மி.மீட்டருக்குள் இருந்தால் அலைன்மென்ட் கடை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். கேம் போல்ட்டுகளை அங்கே மறுபடி தளர்த்துவார்கள். அப்போது சக்கரங்கள் தரையில் எடை தாங்கி நிற்பதால், ரப்பரும் சரியான நிலையிலேயே பூட்டப்படும்.