ஒரு செல் எப்படிச் செத்தது?

"காசநோய் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, மஞ்சள் காமாலையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பெரும்பாலும் அது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம்தான். ஆனால் காசநோய் மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைச் சேதப்படுத்தும். கண்ணின் வெள்ளை மஞ்சளானாலோ, வாந்தியோடு பசியும் போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

சரி, கண் மஞ்சளாகும் முன்பே கண்டுபிடிக்க முடியாதா? அதற்குத்தான் ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவைப் பார்க்கிறோம். கல்லீரல் செல் சேதமானால் இந்த நொதி ரத்தத்தில் கசியும். ஆனால் ஐசோனியாசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தைச் சாப்பிடுபவர்களில் நூற்றுக்குப் பத்து, இருபது பேருக்கு இது கொஞ்சம் ஏறி, மருந்தை நிறுத்தாமலே இறங்கிவிடும். கல்லீரல் பழகிக்கொள்கிறது. ஒரு சிலருக்குத்தான் இறங்காமல் ஆபத்தில் முடியும். தொடக்கத்தில் இரண்டு பேரின் ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் அறிகுறியோடு இயல்பு வரம்பைப்போல் 3 மடங்கு, அறிகுறி இல்லாவிட்டால் 5 மடங்கு ஏறினால் மருந்தை நிறுத்துவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு நிறுத்தினால் காசநோய்க் கிருமிக்குக் கொண்டாட்டம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கெரட்டின்-18 வருகிறது. கல்லீரல் செல்லை உள்ளிருந்து தாங்கும் புரத இழை இது, பந்தலுக்கு மூங்கில் மாதிரி. விசேஷம் முடிந்து பந்தலைப் பிரிப்பவர்கள் கயிற்றைக் குறிப்பிட்ட இடத்தில் அறுப்பார்கள். புயலில் விழுந்த பந்தலில் அந்த அறுப்பு இருக்காது. செல்லும் அப்படித்தான். ஒழுங்காகத் தன்னை முடித்துக்கொள்ளும் செல்லில், காஸ்பேஸ் என்ற நொதிகள் கெரட்டினைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். வெடித்துச் சாகும் செல்லிலிருந்து வெட்டுப்படாத கெரட்டின் கொட்டும். எம்30 என்ற எதிர்ப்பொருள் வெட்டுப்பட்ட முனையை மட்டும் பிடிக்கும். எம்65 இரண்டையும் பிடிக்கும். இரண்டையும் ஒப்பிட்டால், எத்தனை செல் போனது என்பதோடு எப்படிப் போனது என்பதும் தெரியும்! ஒரு குழாய் ரத்தத்தில் இவ்வளவு சேதி.

குறை உண்டு: கெரட்டின்-18 மற்ற உறுப்புகளிலும் இருக்கிறது. அதனால் கல்லீரலில் மிகுந்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-122 என்ற குட்டி ஆர்.என்.ஏ. மூலக்கூறையும் ஆராய்கிறார்கள். பாரசிட்டமால் அளவு மீறியவர்களிடம் அது எஸ்.ஜி.பி.டி.க்கு முந்தியே ஏறியிருக்கிறது.

ஐசோனியாசிட்டை உடலில் மெதுவாக மாற்றுபவர், வேகமாக மாற்றுபவர் என்ற வேறுபாட்டை ஆராய்ந்ததில், 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையத்துக்கும் பங்குண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். முதல் மாத்திரைக்கு முன்பே ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தைச் சேமித்து வைத்தால்தான் கெரட்டின்-18 போன்ற இந்தக் குறியீடுகளைச் சோதிக்க முடியும். உறைபெட்டிக்கும் ஆட்களுக்கும் அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பது என் கருத்து.

இப்போதைக்கு அப்பாவுக்கு எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைதான் துணை. கீழாநெல்லி கொடுத்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.