விந்தைக் கழுவுவது எதற்காக?

"கழுவினால் விந்தணுக்கள் பலமாகிவிடுமா?" ஐயூஐ (விந்தணுக்களை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும்) சிகிச்சைக்கு வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. ஆகாது. இருப்பதில் நன்றாக நீந்துபவற்றைப் பொறுக்கியெடுத்து, விந்துத் திரவத்தை நீக்குகிறோம், அவ்வளவுதான். அந்தத் திரவத்திலுள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் நேராகக் கருப்பைக்குள் போனால் கருப்பை இறுகிக் கடுமையாக வலிக்கும்.

மாதிரி பல நேரம் எங்கள் கைக்கு வருமுன்பே கெட்டுவிடுகிறது. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். சாதாரண ஆணுறை, எண்ணெய், எச்சில் மூன்றும் அணுக்களின் அசைவைக் குலைக்கும். முதலில் வெளிவரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம்; அது சிந்தியிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடல்சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணியில், கொண்டுவரவும். பெயரை மூடியில் எழுதாதீர்கள், டப்பாவின் மேல் எழுதுங்கள். மூடி மாறிப்போகும்.

கெட்டியாக வரும் விந்து 37 டிகிரியில் பெரும்பாலும் அரை மணிக்குள் நீர்த்துவிடும். அதற்குமுன் அவசரப்பட்டால், அடுத்து நாம் அமைக்கும் கரைசல் அடுக்கு கலங்கும்.

கிரேடியன்ட் (அடர்த்தி வேறுபட்ட கரைசல் அடுக்குகளால் பிரிக்கும்) முறையில் கூம்பு டியூபின் அடியில் 80 சதவீதக் கரைசல் 1 மில்லி, அதன்மேல் 40 சதவீதம் 1 மில்லி, அதற்கும் மேல் விந்து 1 மில்லி. 300 முதல் 400 ஜி (புவியீர்ப்பைப்போல் அத்தனை மடங்கு) விசையில் 15 முதல் 30 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுற்ற வேண்டும். இறந்தவையும் வெள்ளணுக்களும் (ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்) பெரும்பாலும் மேலே தங்கிவிடும், நல்லவை அடியில் படியும். படிவை மட்டும் எடுத்து, 5 மில்லி மீடியத்தில் (அணுக்களை உயிரோடு வைக்கும் கரைசல்) கலந்து, 200 ஜியில் இரண்டு முறை கழுவுகிறோம்.

அடிக்கடி தவறு நடப்பது இங்கேதான். விசையை ஜியில் பார்க்காமல் வேறொரு மெஷினின் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அப்படியே வைத்துவிடுகிறார்கள். 10 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் (டியூப்களைச் சுழற்றும் பாகம்) 1,640 ஆர்பிஎம் என்றால் ஏறக்குறைய 300 ஜி, 16 செ.மீ. ஆரத்தில் அதே வேகம் 480 ஜி! பிரிக்காத விந்தை வேகமாகச் சுற்றி அழுத்துவது அதைவிட மோசம். வெள்ளணுக்களும் பழுதான அணுக்களும் ஆக்சிஜன் நச்சுகளை உமிழ்ந்து, பக்கத்திலுள்ள நல்ல அணுவின் சவ்வையும் டிஎன்ஏவையும் சிதைக்கும்.

எண்ணிக்கையும் அசைவும் நன்றாக இருந்தால் நீந்தவிடும் முறையே போதும். 1 மில்லி விந்தின்மேல் 1.2 மில்லி மீடியம், டியூபை 45 டிகிரி சாய்த்து ஒரு மணி நேரம் இன்குபேட்டரில். பைகார்பனேட் மீடியம் என்றால் கார்பன் டை ஆக்சைடு புகும்படி மூடியைத் தளர்த்த வேண்டும். ஹெபெஸ் மீடியம் (அந்த வாயு இல்லாமலே அமிலநிலையைக் காப்பது) என்றால் இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அமிலநிலை மாறி அணுக்கள் சோர்ந்துவிடும்.

இந்த முறையில் நகரும் அணுக்களில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம். கழுவிய பிறகு வரும் அறிக்கையில் எண்ணிக்கை சரிந்திருப்பதைப் பார்த்துப் பதறுபவர்கள், பக்கத்திலேயே அசைவுச் சதவீதம் ஏறியிருப்பதையும் பார்க்கலாம்.